போதை ஆலோசனையும் கொள்கை ஆய்வும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் போதை மீட்பு ஆலோசகராக இருந்தேன். இப்போது அந்தச் சிகிச்சைகள் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைக்காமல் போகின்றன, அதற்கு எந்த விதி காரணம் என்று ஆராயும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வர நினைப்பவர்களும், ஆலோசகராக இருந்துகொண்டு ஆய்வுப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

இது ஒரு வேலையா, ரெண்டு வேலையா?

இரண்டு. ஆலோசகருக்கு எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை. கொள்கை ஆய்வாளருக்கு எதிரில் யாரும் இல்லை. அந்த மனிதரைப் போல எத்தனை பேர் உதவி தேடினார்கள், எத்தனை பேர் வாசல் வரை வந்தார்கள், உள்ளே வந்தவர்களில் யார் பாதியில் போனார்கள் என்பது அவருடைய கேள்வி.

இரண்டுக்கும் படிப்பு வேறு, அன்றாடம் வேறு, பலன் தெரிய ஆகும் காலமும் வேறு. ஆனால் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதுக்கு வருபவருக்கு, அட்டவணையில் இருக்கும் காலிக் கட்டங்கள் கண்ணில் படும். இந்தப் பாதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

'நடத்தை நலம்'னு ஒரு சொல் வருதே, அது மனநலம் இல்லையா?

மனநலத்தையும் போதைப் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்றால், சிகிச்சை தரும் இடங்கள் நெடுங்காலம் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தன. மனச்சோர்வும் குடியும் சேர்ந்து இருப்பவரிடம் மனநலப் பிரிவு "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லும். மீட்பு மையம் "முதலில் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லும். இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆலோசகர்னா அறிவுரை சொல்றவர்தானே?

அப்படி நினைத்து வருபவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப் போகிறார்கள். குடிப்பவருக்கு அறிவுரை பஞ்சமே இல்லை. வீட்டில் கேட்கிறார், வேலை இடத்தில் கேட்கிறார், காலையில் எழுந்ததும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

1983-இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் வேறொரு வழியை எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். ஊக்கமூட்டும் நேர்காணல் என்று அதைச் சொல்கிறோம். மாற வேண்டியதன் காரணத்தை ஆலோசகர் சொல்லக் கூடாது, வந்தவர் வாயிலிருந்தே அது வர வேண்டும் என்பதுதான் அதன் உயிர். நாம் மாற்றத்துக்காக வாதாடினால் அவர் பழக்கத்துக்காக வாதாடத் தொடங்கிவிடுவார்.

ஒருவர் என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "வீட்ல எல்லாரும் பெருசுபடுத்துறாங்க" என்றார். வேலைக்கு வந்த புதிதில் என்றால் நான் கல்லீரல் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டியிருப்பேன். அன்று, "அவங்க சொல்றது உங்களுக்கு ஒத்துவரலை. உங்களுக்கே ஏதாவது உறுத்துதா?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "பொண்ணு இப்பல்லாம் பக்கத்துல வந்து உக்கார்றதில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அடுத்த எட்டு மாதமும் நடந்தது.

குடியை உடனே நிறுத்தச் சொல்றதுதானே முதல் படி?

இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நிறுத்திய ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நடுக்கம், காய்ச்சல், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, இடம் பொருள் தெரியாத குழப்பம் என்று தீவிரமாகும். அது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நிலை. ஆகவே ஆலோசகரின் முதல் கேள்விகள் எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்பவை. பதில் கவலை தந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

என்ன படிச்சிருக்கணும்?

உளவியல், சமூகப்பணி, மனநலச் செவிலியம், மருத்துவம் என்று பல வழிகளில் வருகிறார்கள். உரிமம், சான்றிதழ் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். எங்கே படித்தாலும் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைக்கும்? புத்தகத்தை வீட்டிலும் படித்துக்கொள்ளலாம். நீங்கள் பேசியதைக் கேட்டு, "இந்த இடத்தில் அவர் ஏதோ சொல்ல வந்தார், நீங்கள் குறுக்கே பேசிவிட்டீர்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் பொதுச் சுகாதாரம், சுகாதாரப் பொருளியல், நோய்ப்பரவலியல், பொதுக்கொள்கை ஆகியவற்றில் ஒன்றில் முதுகலை செய்வது வழக்கம்.

நானே குடியிலிருந்து மீண்டவன். அது எனக்குத் தகுதியா, தடையா?

தகுதிதான், ஆனால் அது மட்டுமே போதாது. மீண்டவர் மீளத் துடிப்பவருக்குக் கை கொடுப்பது இந்தத் துறையின் மிகப் பழைய மரபு. 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில்தான், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு பிறந்தது. அந்த வழிமுறை பலன் தராது என்று ஆய்வாளர்கள் பலர் நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அந்தக் குழுவின் 'பன்னிரு படி' வழியில் முறையாக இணைக்கப்பட்டவர்கள் முற்றிலும் குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தார்கள் என்று காட்டியது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. "எனக்கு இது பலித்தது, உனக்கும் பலிக்கும்" என்ற இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். உங்களை மீட்ட வழி எதிரில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். அதைக் கோபமில்லாமல் ஏற்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த மீட்சிக்கு வேலையிடத்துக்கு வெளியே ஒரு துணை இருக்கட்டும்.

திரும்பத் திரும்பக் குடிக்கத்தானே போறாங்க? இதுல என்ன பலன்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. நோயாளிகளின் குடும்பத்தார் மட்டுமல்ல, நிதி ஒதுக்கும் அதிகாரிகளும் இதைத்தான் கேட்பார்கள். 2000-இல் தாமஸ் மெக்லெலனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். போதைச் சிகிச்சை முடித்தவர்களில் ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். சரி, இரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள்? அவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கு ஒவ்வோராண்டும் நோய் மறுபடி தலைதூக்குகிறது.

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால் "மாத்திரை வேலை செய்கிறது, தொடர்ந்து கொடுங்கள்" என்கிறோம். போதைச் சிகிச்சையை நிறுத்தியதும் ஒருவர் சறுக்கினால் "சிகிச்சை தோற்றது" என்கிறோம். ஒருவரை மையத்தில் 28 நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டு ஒரு வருடம் கழித்து அளந்து பார்ப்பதில்தான் கோளாறு. நீண்ட நாள் நோய்க்கு நீண்ட நாள் கவனிப்புத் தர வேண்டும் என்று சொன்ன அந்தக் கட்டுரை என்னை ஆய்வின் பக்கம் திருப்பியவற்றில் ஒன்று.

மருந்து கொடுக்கிறது, ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதைதானே?

இல்லை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) போதையில் இருப்பவர் நாளைக்கு மூன்று நான்கு முறை உச்சிக்கும் பள்ளத்துக்கும் போய் வருகிறார். நாள் முழுவதும் அடுத்த வேளைக்கான தேடலிலேயே போய்விடுகிறது. இதற்குச் சிகிச்சையாகத் தரும் மெதடோன் என்ற மருந்து மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். சரியான அளவில் எடுப்பவருக்குக் கிறக்கமும் இல்லை, உடல் நோவும் இல்லை, வேலைக்குப் போக முடிகிறது. வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும் 1965-இலேயே இதைக் காட்டினார்கள். உலகச் சுகாதார அமைப்பு 2005-இல் மெதடோனையும், இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான பியூப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும் அடிமைத்தனமும் ஒன்றல்ல. இன்சுலின் போடுபவரை நாம் அடிமை என்று சொல்வதில்லை. இந்த மருந்துகளை எடுப்பவரை "இன்னும் சுத்தமாகவில்லை" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தவைக்கும் மையங்கள் உண்டு. நிறுத்தியபின் அவர் பழைய அளவுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சிறைவிடுதலை பற்றிய பதிலில் பாருங்கள்.

ஆலோசனையிலிருந்து ஆய்வுக்கு எப்படிப் போனீங்க?

ஒரு பதிவேட்டால். எங்கள் மையத்தில் பாதியில் நின்றவர்களின் பெயருக்கு எதிரே "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவது வழக்கம். நானும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒருநாள், முதல் சந்திப்புக்கே வராத ஒரு பெண்ணின் வரியில் அதை எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. நான் பார்த்தே இராத ஒருவர் எப்படி ஒத்துழைக்காமல் இருந்திருப்பார்?

தொலைபேசிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அவர் முதலில் அழைத்த தேதிக்கும் நாங்கள் கொடுத்த தேதிக்கும் இடையில் இருபத்து மூன்று நாள். அன்றிலிருந்து பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "அழைத்த நாள்" என்று ஒரு பத்தி சேர்த்தேன். நான்கு மாதத்தில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு படம் வந்தது. இரண்டு மூன்று நாளுக்குள் தேதி கிடைத்தவர்கள் பெரும்பாலும் வந்திருந்தார்கள். மூன்று வாரம் காத்தவர்களின் வரிகள் காலியாக இருந்தன. காத்திருப்பு நீள நீள வருகை குறையும் என்பது பல இடங்களில் நிறுவப்பட்ட உண்மை என்று பிறகுதான் படித்தேன். உதவி கேட்கும் துணிச்சல் ஒருவருக்கு ஒரு காலையில் வரும், மாலைக்குள் போய்விடலாம். அதை நான் தினமும் பார்த்தவன், ஆனால் பதிவேட்டில் அதற்கு இடமே இல்லாமல் இருந்தது.

அந்தப் பென்சில் பத்திதான் என் முதல் ஆய்வு. மேல்படிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

எனக்குக் கணக்கு வராது. ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். புள்ளியியலில் ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சந்தேகத்தோடு படிக்கும் அளவுக்காவது தேர்ச்சி வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. நேர்காணல், நேரடிக் கவனிப்பு, ஆவணங்களை ஆராய்தல் போன்ற பண்புசார் முறைகளும் ஆய்வுதான். அவற்றில் ஆலோசகருக்கு இருக்கும் காது மற்றவர்களுக்கு லேசில் வராது.

கொள்கை ஆய்வாளர் நாள் முழுக்க என்ன செய்வார்?

பெரும்பாலும் வாசிப்பார், தரவைச் சுத்தம் செய்வார், எழுதுவார், திருத்துவார். ஒரே மனிதர் மூன்று பெயர் எழுத்துப்பிழையோடு மூன்று நோயாளிகளாகப் பதிவாகியிருப்பார். அதைச் சரிசெய்வதில் ஒரு வாரம் போகும். அப்புறம், முப்பது பக்க ஆய்வை ஒரு அதிகாரி நின்றுகொண்டே படிக்கக்கூடிய இரண்டு பக்கமாகச் சுருக்க வேண்டும். இது நான் எதிர்பார்த்ததைவிடக் கஷ்டமான வேலை.

கொள்கை ஒரு ஆளோட உயிரைக் காப்பாத்துமா? ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்க.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. மிகை போதையால், அதாவது அளவுக்கு மீறி எடுத்து, இறக்கும் அபாயம் மட்டும் 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்கும் சக்தி போய்விடுகிறது. வெளியே வந்ததும் பழைய நினைவில் பழைய அளவையே எடுக்கிறார்கள். மீட்பு மையத்திலிருந்து வெளியேறுபவருக்கும், மருந்தை நிறுத்தவைக்கப்பட்டவருக்கும் இதே ஆபத்துதான்.

தனித்தனி ஆலோசகர்கள் இதை ஓரளவு உணர்ந்திருப்பார்கள். ஆனால் "அந்த இரண்டு வாரம்" என்று நாள் குறித்துச் சொல்ல ஆயிரக்கணக்கான பெயர்களை இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அப்படித் தெரிந்தபின் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது: விடுதலைக்கு முன்பே மருந்தைத் தொடங்குவது, மிகை போதையில் மூச்சு நிற்பவரை மீட்கும் நாலாக்ஸோனைக் கையில் கொடுத்து அனுப்புவது. ஸ்காட்லாந்து 2011-இல் நாடு தழுவிய நாலாக்ஸோன் திட்டத்தைத் தொடங்கியபோது, சிறையிலிருந்து வெளியேறுபவர்களுக்கும் அதைக் கொடுத்தது.

ஆய்வு ஒண்ணு சொல்லுது, என் அறையில நான் வேற பார்க்கிறேன். எதை நம்புறது?

இதில் நான் நீண்ட நாள் தடுமாறினேன். முதலில் ஒரு கதை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் சிகிச்சையே எடுக்கவில்லை. அந்த நாளில் எந்த ஆலோசகரும் இதை நம்பியிருக்க மாட்டார். ஏன்? தானாக விட்டவர் அவர் அறைக்கு வரவே இல்லை.

1984-இல் பட்ரிஷியா கோஹென், ஜேக்கப் கோஹென் இருவரும் இதற்குச் 'சிகிச்சையாளரின் மயக்கம்' என்று பொருள்படும் ஒரு பெயர் கொடுத்தார்கள். நீண்ட நாள் நோயுள்ளவர்தான் திரும்பத் திரும்ப நம்மிடம் வருவார், நம் நாட்குறிப்பை அவர்தான் நிறைப்பார். அவர்களைப் பார்த்தே நோயை எடைபோட்டால், அது உண்மையில் இருப்பதைவிடத் தீராததாகத் தெரியும்.

ஆகவே உங்கள் அறையில் கண்டதை ஆதாரமாக வைக்காதீர்கள். ஆனால் அதைத் தூக்கியும் போடாதீர்கள், கேள்வியாக எடுத்து வாருங்கள். 1997-இல் முடிவுகள் வெளிவந்த ப்ராஜெக்ட் மேட்ச் என்ற ஆய்வில், குடிப்பழக்கத்தில் சிக்கிய 1,726 பேருக்கு மூன்று வகை ஆலோசனை தந்து எந்த வகை யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தார்கள். மூன்றிலுமே முன்னேற்றம் இருந்தது, எதிர்பார்த்த பொருத்தங்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆய்வு மட்டும் தெரிந்தவர் இதை "எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்" என்று படிப்பார். அறையில் இருந்தவர், "அப்படியானால் வேலை செய்தது அந்த முறையா, கொடுத்த ஆளா?" என்று கேட்பார். இரண்டாவது கேள்வி நம்மை மேலும் தூரம் கொண்டுபோகும்.

சராசரியில் நல்லது செய்கிற சட்டம், என் நோயாளிக்குக் கெடுதல் செய்தா?

அப்படி நடக்கிறது. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. மது மட்டுமே காரணமான இறப்புகள் இதனால் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அது பல நூறு உயிர். ஆனால் கடுமையாக அடிமையாகிவிட்டவர்கள் குடியைக் குறைத்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் குடித்தார்கள்.

நான் இந்த விலைக் கொள்கையை ஆதரிக்கிறேன். ஆனால் ஆதரிப்பவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. விலையை ஏற்றும் அதே ஆணையில் சிகிச்சை இடங்களையும் கூட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல, அந்த இரண்டாம் பாதியில் இருப்பவர்களின் முகம் தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும்.

மது நிறுவனம் ஆய்வுக்குப் பணம் கொடுத்தா வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கத் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வை அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2018 ஜூனில் பாதியிலேயே மூடியது. ஆய்வைத் திட்டமிடும்போதே மதுத் தொழிலிடம் நிதி கேட்டுப் பேசியிருந்தது தெரியவந்ததால், அதன் முடிவை யாரும் நம்ப முடியாத நிலை வந்துவிட்டது. முடிவு நேர்மையாகவே இருந்தாலும் பயன்படாது. உழைத்த எல்லோருக்கும் நட்டம்.

என்கிட்ட சொன்னவங்க கதையை ஆய்வில எழுதலாமா?

சிகிச்சைக்காகச் சொன்னது சிகிச்சைக்கு மட்டும். ஆய்வுக்கு வேண்டுமென்றால் தனியாக, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, அவருடைய எழுத்துபூர்வச் சம்மதத்தோடு கேட்க வேண்டும். அப்போதும் உங்களிடம் சிகிச்சையில் இருப்பவரிடம் நீங்களே கேட்காதீர்கள். "மறுத்தால் கவனிப்புக் குறையுமோ" என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார். பெயரை மாற்றினால் போதும் என்பதும் தவறு. வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை, விபத்து நடந்த விதம் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே சொன்ன தந்தையைப் பற்றியும் காத்திருந்த பெண்ணைப் பற்றியும் எழுதும்போது, அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

உங்ககிட்ட வந்தவர் இறந்திருக்காரா? எப்படித் தாங்கினீங்க?

இறந்திருக்கிறார்கள். முதல் மரணத்துக்குப் பிறகு மூன்று நாள் அவருடைய குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எங்கே தவறினேன் என்று. என் மேற்பார்வையாளர் அந்தக் கோப்பை என் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டு, அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நோயைப் பற்றி அல்ல, ஆளைப் பற்றி. ஒரு மணி நேரம் பேசினேன். பேச ஓர் ஆள் இல்லாத மையத்தில் வேலைக்குச் சேராதீர்கள்.

ஆய்வுக்குப் போனால் இந்த வலி இருக்காது என்று நினைத்து வருபவர்களும் உண்டு. இறப்பு அட்டவணையில் ஒரு எண் ஒன்று கூடும்போது எனக்கு இன்னமும் ஒரு முகம் வருகிறது.

நான் ஒரு சின்ன மையத்தில ஆலோசகர். வசதி எதுவும் இல்லை. எங்கே தொடங்குறது?

மையத்தின் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, பதிவேட்டில் "அழைத்த நாள்" பத்தியைச் சேருங்கள். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவதை நிறுத்தி, கடைசியாக வந்த தேதியை மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, முதல் சந்திப்புக்கு வராமல் போனவர்களில் பத்துப் பேரை அழையுங்கள். ஒரே கேள்வி போதும்: "அன்னைக்கு வர முடியாமப் போச்சே, என்ன ஆச்சு?" பஸ் கிடைக்கவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம், அதற்குள் மறுபடி குடித்துவிட்டேன் என்று வரும் பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இப்போது வர விரும்புகிறார் என்றால் அன்றே ஒரு நேரம் கொடுங்கள்.

வேறு யாராவது போனை எடுத்தால் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று சொல்லாதீர்கள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுங்கள்.